ஆறாம் அத்தியாயம்: விலையின்றிக் கிடைக்கும் மிடி தாளக்கட்டுகள்

மயிலாப்பூரின் மாட வீதிகளை அடுத்த சந்துகளிலும், தியாகராய நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், அடையாற்று மாடியறைகளிலும், ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு சிறிய கீபோர்டு, ஒரு ஹெட்போன் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு இசையமைக்க முற்படும் அன்பர்களுக்கு, மெட்டைப் பற்றி எழாத ஒரு சங்கடம் தாளத்தைப் பற்றி எழுகிறது. வீணையையோ வயலினையோ கிதாரையோ அறைக்குள் வைத்து வாசித்துவிடலாம். ஆனால் டிரம் செட் என்பது இடத்தையும், நல்ல மைக்குகளையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவருக்கு அப்பால் குடியிருப்பவர்களின் அபரிமிதமான பொறுமையையும் வேண்டுவதாகையால், அதை வீட்டில் வைத்துப் பதிவு செய்வது நம் நகரத்துக் குடியிருப்புகளில் ஏறக்குறைய அசாத்தியம். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு ஏற்பட்ட சாதனங்களில், பணச்செலவு இல்லாததும் பிரயோஜனம் மிகுந்ததுமானது மிடி தாளக்கட்டு. அதைத் தேடும் இடம், ஆராயும் முறை, நம் லயத்துக்கு இசைவாக மாற்றிக்கொள்ளும் வழி ஆகிய மூன்றும் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மிடி கோப்புக்குள் ஒலி என்பது கிடையாது. ஸ்வரப்படுத்தி எழுதிய காகிதம் எப்படித் தானே பாடுவதில்லையோ அப்படியே, மிடி கோப்பும் எந்த வாத்தியத்தை, எந்த க்ஷணத்தில், எவ்வளவு பலத்தோடு தட்ட வேண்டும் என்ற குறிப்பை மட்டுமே சுமந்து வருகிறது. ஒலியைக் கொடுப்பது உங்கள் கணினியில் உள்ள டிரம் கருவி. ஆகவேதான் ஒரே கோப்பு ஒருவர் வீட்டில் கம்பீரமாகவும் மற்றொருவர் வீட்டில் தகரத்தைத் தட்டுவது போலவும் கேட்கிறது. கோப்பைக் குறை சொல்வதற்கு முன் கருவியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒலியாகப் பதிவான லூப்பை வேகம் மாற்றினால் அதன் நயம் கெடக்கூடும். மிடி தாளக்கட்டையோ 70 வேகத்திலிருந்து 140-க்கு உயர்த்தினாலும் ஒரு தட்டின் நாதமும் சிதைவதில்லை. ஒரேயொரு தட்டைப் பிடித்து இடம் மாற்றவோ, நீக்கவோ, வேறு வாத்தியத்துக்குக் கொடுக்கவோ பூரண சுதந்திரம் இருக்கிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மிடி என்னும் ஏற்பாடு 1983-இல் உலகுக்கு வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி ஆகிய இருவரும் அதற்குப் பிரதான காரணகர்த்தாக்கள். 2013-இல் அவ்விருவருக்கும் அதற்காகவே கிராமி தொழில்நுட்ப விருது அளிக்கப்பட்டது. நம் நகரத்துக்கு இந்த வித்தை தாமதமின்றியே வந்து சேர்ந்தது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா கணினி இசையைக் கையாண்டார். 1992-இல் ஏ.ஆர். ரஹ்மானின் 'ரோஜா' உருவானது, கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே அவர் அமைத்துக்கொண்ட பஞ்சதன் கூடத்தில். வீட்டிலிருந்தபடியே இசை செய்வதற்கு நமக்கு இதைவிட அருகிலிருக்கும் முன்மாதிரி தேவையில்லை.

1991-இல் ஏற்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொது ஒப்பந்தத்தை மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் நீங்கள் இறக்கிக்கொள்ளும் கோப்புகளிற் பெரும்பாலானவை அதற்குக் கட்டுப்பட்டவை. அதன்படி தாள வாத்தியங்களுக்கு உரியது 10-ஆம் சேனல். அதில் 35 முதல் 81 வரையுள்ள 47 எண்களுக்கு 47 ஒலிகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. கிக் 36, ஸ்னேரின் விளிம்புத் தட்டு 37, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்த ஹை-ஹாட் 46, கிராஷ் 49, ரைட் 51 என்ற ஏழு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் முக்கால்வாசிக் காரியம் முடிந்தது. அந்த 47 ஒலிகளில் பாங்கோ உண்டு, காங்கா உண்டு, தென் அமெரிக்காவின் குயீக்காவும் சாம்பா விசிலும் உண்டு. மிருதங்கம் இல்லை, தபலா இல்லை, தவில் இல்லை, பறை இல்லை. லயத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்த தேசத்தின் வாத்தியம் ஒன்றுக்குக்கூட அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஆயினும் எண்களுக்கு இடமில்லாமற் போனதே ஒழிய, சொற்கட்டுக்கு இடமில்லாமற் போகவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

இனித் தேடும் இடங்கள். வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். நீங்கள் உபயோகிக்கும் மென்பொருளுடனேயே பல தாளக்கட்டுகள் வந்திருக்கக் கூடும். ஆப்பிள் கணினி உடையவர்களுக்குக் கராஜ்பேண்டில் 'டிரம்மர்' என்னும் வசதி விலையின்றியே கிடைக்கிறது. அது தரும் தாளத்தைச் சாதாரண மென்பொருள் வாத்தியத் தடத்திற்கு நகலெடுத்துப் போட்டால், அது திருத்துவதற்கு ஏற்ற மிடி தட்டுகளாக மாறிவிடும். மற்றவர்களுக்கு 'எம்டி பவர் டிரம் கிட்' என்ற இலவசக் கருவி ஏற்றது. ஒலியோடு தாளக்கட்டுகளின் தொகுதி ஒன்றும் அதனுள்ளேயே இருக்கிறது. கட்டங்களில் தட்டுகளைக் குறித்துத் தாமே தாளம் அமைத்துப் பழக விரும்புகிறவர்களுக்கு 'ஹைட்ரஜன்' என்னும் திறந்த மூல மென்பொருள் உண்டு. தாளக்கட்டுகளை விலைக்கு விற்கும் கம்பெனிகளிற் சில, மாதிரிக்காகச் சிறு தொகுப்புகளை இலவசமாகத் தருவதும் வழக்கம். அவற்றை வாங்கி வைப்பதில் தோஷமில்லை, ஆனால் உடன்வரும் நிபந்தனைக் கோப்பைப் படியாமல் உபயோகிக்கலாகாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் சிபாரிசு செய்வது, கூகுளின் மெஜென்டா ஆராய்ச்சிப் பிரிவினர் 2019-இல் வெளியிட்ட 'குரூவ் மிடி டேட்டாசெட்' என்னும் தொகுதி. பத்து டிரம் கலைஞர்கள் ரோலண்ட் டிடி-11 என்னும் மின்னணு டிரம்மில் உட்கார்ந்து கையாலும் காலாலும் வாசித்த 1,150 மிடி கோப்புகள், 13.6 மணி நேரத்து வாசிப்பு, 22,000-க்கு மேற்பட்ட பார்கள் அதில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் பாணி, வேகம், தொடர் தாளமா இடைநிரப்பா என்ற விவரங்களும் உடன் உண்டு. ஒலிப்பதிவோடு சேர்ந்த தொகுதி நாலரை ஜிபிக்கு மேல். மிடி மட்டும் அடங்கிய தொகுதியோ ஏறக்குறைய 3 எம்பி, ஆகையால் கைப்பேசியின் இணைப்பிலேயே நொடிப்பொழுதில் வந்துவிடும். இதன் அருமை எண்ணிக்கையில் இல்லை. ஒரு மனிதன் வாசிக்கும்போது ஒரு தட்டு சற்று முன்னேயும் ஒரு தட்டு சற்றுப் பின்னேயும், ஒன்று உரக்கவும் ஒன்று முணுமுணுப்பாகவும் விழுகின்ற அந்த இயல்பு அப்படியே பதிவாகியிருப்பதில் இருக்கிறது. கட்டத்தில் சுட்டியால் குறித்த தாளத்தைக் கேட்டுப் பழகியவர்கள் இதில் ஒரு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தட்டின் பலத்தையும் கண்ணால் பார்த்தாலே லயத்தைப் பற்றி ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்.

இந்தத் தொகுதியைக் கையாளும்போது ஒரு சூக்ஷ்மம் தெரிந்திருக்க வேண்டும். ரோலண்ட் கருவி ஹை-ஹாட்டின் ஓரத்தில் விழும் தட்டுகளை 22, 26 என்ற எண்களால் குறிக்கிறது. இவ்விரண்டும் ஜெனரல் மிடியின் 35-க்குக் கீழே இருப்பதால், உங்கள் டிரம் கருவி அவற்றைப் பொருட்படுத்தாமல் மௌனமாக இருந்துவிடும். ஹை-ஹாட்டே இல்லாத முடமான தாளம் கேட்கும். 22-ஐ 42-ஆகவும் 26-ஐ 46-ஆகவும் மாற்றிவிட்டால் தாளம் முழுமை பெறும். ஒரு கோப்பு சரியாக ஒலிக்காதபோது, வேறெதையும் சந்தேகிப்பதற்கு முன் எண்களைப் பாருங்கள்.

திரைப்படப் பாடல்களின் மிடி கோப்புகள் என்ற பெயரில் ஏராளமானவை உலவுகின்றன. யாரோ காதால் கேட்டு எழுதியவை. பாடலின் உரிமையாளரது அனுமதி பெற்றவையாக இருப்பது அபூர்வம். மெட்டை நீக்கி 10-ஆம் சேனலை மட்டும் தனியே கேட்டு, இந்தப் பாட்டில் டிரம் எங்கே அடங்குகிறது, எங்கே எழுகிறது என்று பயில்வதற்கு அவை உதவும்; உங்கள் பாட்டில் எடுத்துப் போடுவதற்கு உதவா. மிடி கோப்பின் பெயர் 'டாட் மிட்' என்று முடியும். அதற்கு மாறாக 'டாட் இஎக்ஸ்இ' என்று முடியும் ஒன்றைத் திறந்து நிறுவச் சொன்னால், தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இலவசம் என்ற சொல்லுக்குள் பல தரங்கள் இருக்கின்றன. விலை கேளாமற் கொடுப்பது வேறு, எப்படியும் உபயோகிக்க உரிமை கொடுப்பது வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'சிசி ஜீரோ' என்றிருந்தால் நிபந்தனை எதுவும் இல்லை. 'பை' என்றிருந்தால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். மேற்சொன்ன கூகுள் தொகுதி 'சிசி பை 4.0' உரிமத்தில் வெளிவந்ததாகையால், பாடலை வெளியிடும் இடத்தில் ஒரு வரி நன்றி எழுதினால் வணிகத்துக்கும் உபயோகிக்கலாம். 'என்சி' என்றிருந்தால் வருமானம் வரும் காரியத்துக்கு ஆகாது. விளம்பரப் பணம் வரும் யூடியூப் பாடலும், சம்பளம் பெற்றுச் செய்யும் குறும்படமும் அதில் சேர்ந்தவை என்று கொள்வதே நல்லது. 'என்டி' என்றிருந்தால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. மாற்றியமைப்பதே நம் வேலையாதலால் அத்தகைய கோப்புகள் நமக்குப் பயன்படா. இறக்கிய அன்றே உரிமத்தின் பிரதியையும் அதே கோப்புறையில் சேமித்துவிடுங்கள்.

இனி, இந்த நகரத்தில் இருந்துகொண்டு இசை செய்பவருக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேல்நாட்டார் தரும் தாளக்கட்டுகளில் மிகப் பெரும்பாலானவை நாலுக்கு நாலு. நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரமாகையால், இரண்டு பார்கள் ஓர் ஆவர்த்தனம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அவை நன்றாகவே பொருந்துகின்றன. கிராஷை ஒவ்வொரு பாரிலும் அடிக்கும் வழக்கத்தை விட்டு ஆவர்த்தனத்தின் சமத்தில் மட்டும் வைத்தாலே பாட்டின் நடை நம்முடையதாகிவிடுகிறது.

ஐந்திலும் ஏழிலும் சிக்கல் வேறு வகை. அந்த எண்ணிக்கைகளில் இலவசத் தாளக்கட்டுகள் கிடைக்காமல் இல்லை. ஆனால் ஏழை அவர்கள் பெரும்பாலும் 2, 2, 3 என்று பிரிக்கிறார்கள். நம் மிசிர சாப்போ தகிட, தக, திமி என்று மூன்றில் தொடங்குவது. அந்தக் கோப்பை அப்படியே போட்டால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பாட்டு அதன்மேல் உட்காராது. இதற்குப் பரிகாரம் மிகச் சுலபமானது: பாரின் கடைசி மூன்று எட்டாம் பங்குத் தட்டுகளை வெட்டி முன்னால் கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள், 2, 2, 3 என்பது 3, 2, 2 ஆகிவிடும். ஐந்தும் அவ்வாறே. 3, 2 என்று வந்தால், கடைசி இரண்டை முன்னே கொணர்ந்தால் தக, தகிட என்னும் கண்ட சாப்பு பிறக்கிறது. வெட்டி ஒட்டிய பிறகு, முதல் தட்டில் கிக் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும்.

நடைகளின் விஷயம் இன்னும் ரசமானது. மிடி மென்பொருள்கள் பலவற்றில் ஓர் அட்சரம் 480 டிக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. சதுச்ர நடையில் ஒரு தட்டுக்கு 120 டிக்; திச்ரத்தில் 160; கண்ட நடையில் 96. இம்மூன்றும் மீதியின்றி வகுபடுகின்றன. மிசிர நடை மட்டும் வகுபடுவதில்லை. ஏழு தட்டுகளையும் 0, 69, 137, 206, 274, 343, 411 என்ற இடங்களில் வைத்தால், சாதாரண வேகங்களில் பிசகு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே இருக்கும். எந்தச் செவியும் அதை உணராது. கட்டத்தில் ஏழாகப் பிரிக்கும் வசதி இல்லையென்று மிசிர நடையைக் கைவிடுபவர்கள் இந்த ஏழு எண்களைக் குறித்து வைத்துக்கொள்வார்களாக.

நம் ஊர்க் குத்துத் தாளத்தைத் தேடுகிறவர்கள், 'ஆறுக்கு எட்டு' என்று குறித்த தாளக்கட்டுகளிலிருந்து தொடங்கலாம். ஆனால் அவற்றை அப்படியே விட்டால் மெதுவான மேல்நாட்டுப் பாட்டின் சாயலே தோன்றும். ஹை-ஹாட்டை முழுவதும் நீக்கிவிடுங்கள். பறையை வாசிப்பவர் ஒரு கையில் கனத்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சியும் பிடித்திருப்பதை நினைத்துக்கொண்டு, அடிக்குச்சியின் தட்டுகளைக் கீழ்ஸ்தாயி டாம் 41-க்கும், சுண்டுக்குச்சியின் தட்டுகளை விளிம்புத் தட்டு 37-க்கும் கொடுங்கள். சுண்டுக்குச்சியின் பலம் 40 முதல் 60 வரை, அடிக்குச்சியினது 105-க்கு மேல். பிறகு நல்ல பறையொலியோ தவிலொலியோ கிடைக்கும்போது, எண்களை மட்டும் அதற்கு மாற்றினால் போதும்; எழுதிய தாளம் வீணாவதில்லை.

இங்கேதான் நான் முன்னர்ச் சொன்ன சொற்கட்டு துணைக்கு வருகிறது. காதில் விழுந்த தாளத்தை முதலில் வாயால் சொல்லுங்கள். தகதிமி, தகிட, தகஜொணு என்று தடையின்றிச் சொல்ல வந்துவிட்டால், ஒவ்வொரு சொல்லும் கட்டத்தில் ஓர் இடம். தொப்பியில் விழும் 'தொம்' கிக்குக்கும், சாப்பு ஸ்னேருக்கும், 'நம்' விளிம்புத் தட்டுக்கும், இடையில் ஓடும் மெல்லிய சொற்கள் மூடிய ஹை-ஹாட்டுக்கும் என்பது நான் கையாளும் பங்கீடு; உங்கள் செவிக்கு வேறு தோன்றினால் அதையே பின்பற்றுங்கள். வாயால் சொல்ல முடியாத தாளத்தை எழுத முயல்வது வீண் சிரமம்.

அப்படிக் கேட்டுக் கற்பதற்கு இந்நகரத்துக்கு இணையான இடம் மிகச் சிலவே. மார்கழியில் மியூசிக் அகாடமி, நாரத கான சபா, தியாகராய நகரின் கிருஷ்ண கான சபா, வாணி மகால் என்று எங்கும் கச்சேரி. பல சபைகளில் பிற்பகல் கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து போகாமல், கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒரேயொரு கோர்வையையாவது மனத்தில் இருத்திக்கொண்டு வீடு திரும்புங்கள். அனுமதியின்றிக் கைப்பேசியில் பதிவு செய்வது கலைஞருக்குச் செய்யும் அபசாரம், தேவையும் இல்லை. பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் வீதியுலாவின் பின்னே நடந்தால் தவிலை மிக அருகில் கேட்கலாம். பொங்கலை ஒட்டிய சென்னை சங்கமத்தில் பறையும் பம்பையும் பூங்காக்களுக்கே வருகின்றன. மென்பொருளை விட்டு எழுந்துசென்று கேட்பதும் தாளக்கட்டு தேடும் வேலையில் சேர்ந்ததே.

நண்பர் எவராவது மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவராக இருந்தால் அது பெரும் பாக்கியம். அக்குழுக்களில் பிரசித்தமான ரோலண்ட் எஸ்பிடி-20 போன்ற கருவிகளில் மிடி வெளிவாயில் உண்டு. ஒரு சிறிய யுஎஸ்பி இணைப்பியின் மூலம் கணினியோடு இணைத்து, அவரை அரை மணி நேரம் வாசிக்கச் சொன்னால், எந்தத் தொகுதியிலும் கிடைக்காத நம் ஊர்த் தாளக்கட்டுகள் உங்கள் கைக்கு வரும். அவருடைய பெயரைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதுங்கள். அதை வைத்துச் செய்த பாட்டுக்குப் பணம் கிடைத்தால் அவருக்குரிய பங்கையும் கொடுங்கள். பதிவானதைக் கட்டத்தோடு முழுவதும் ஒட்டச் செய்யும் 'குவாண்டைஸ்' வசதியை நூற்றுக்கு நூறு பிரயோகிக்காதீர்கள். ஐம்பது, அறுபது சதவீதம் போதும்.

கடைசியாக இடைநிரப்புகள், அதாவது ஃபில். இலவசத் தொகுதிகளில் இவை ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். உயரத்து டாமிலிருந்து கீழ் டாம் வரை உருண்டு வந்து கிராஷில் முடியும். அதற்குப் பதிலாக நம் மோராவைப் போட்டுப் பாருங்கள். நாலுக்கு நாலு பாரில் பதினாறு இடங்கள். தகதிமி என்ற நான்கு, இரண்டு இடம் கார்வை, மறுபடி தகதிமி, மறுபடி கார்வை, மூன்றாவது தகதிமி: நாலும் இரண்டும் நாலும் இரண்டும் நாலும் பதினாறு. சற்று விறுவிறுப்பு வேண்டுமானால், முதல் இடத்தைக் காலியாக விட்டு, இரண்டாம் இடத்திலிருந்து தகதகிட என்னும் ஐந்தை மும்முறை சொன்னால் பதினைந்து முடிந்து, அடுத்த பாரின் சமத்தில் வந்து நிற்கும். முதல் முறையை ஸ்னேருக்கும், இரண்டாவதை மேல் டாம் 48-க்கும், மூன்றாவதைக் கீழ் டாம் 41-க்கும் கொடுத்து, பலத்தை 75, 90, 110 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். சமத்தில் கிக்கும் கிராஷும் ஒன்றாக விழட்டும்; அதன்பின் அரை பார் வரை ஹை-ஹாட்டை எழுதாமல் விடுங்கள், பாடுகிறவர் சரணத்தை எடுப்பதற்கு அவ்வளவு இடம் வேண்டும்.